அலமாரிச் சாவி: பெற்றோருக்குத் தலைமையாசிரியர் கடிதம்

16.03.2026

அன்புள்ள பெற்றோருக்கு வணக்கம்.

கடிதம் கொஞ்சம் நீளம். பீடித் தட்டை மடியில் வைத்திருப்பவர்களும் வயலிலிருந்து அலுத்து வந்தவர்களும் பிள்ளையை உரக்க வாசிக்கச் சொல்லிக் கேளுங்கள். வாசிக்கிற பழக்கமும் ஆகும்.

முதலில் சேதி. மார்ச் 28, சனிக்கிழமை பிற்பகல் 3 மணி முதல் 6 மணி வரை நம் பள்ளியில் பிள்ளைகள் செய்த அறிவியல் கண்காட்சி நடக்கும். நீங்கள் எல்லோரும் வர வேண்டும். இதற்காக ஒரு நாள் கூலியை யாரும் விடக் கூடாது என்றுதான் மாலை வரை வைத்திருக்கிறோம். பீடிக்கடைக்குப் போய்விட்டுத் திரும்பும் வழியில் எட்டிப் பார்த்தாலும் போதும். ஏன் இவ்வளவு வற்புறுத்துகிறேன் என்பதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

போன ஜூலையில் ஏழு, எட்டாம் வகுப்புப் பிள்ளைகளைத் திருநெல்வேலி மாவட்ட அறிவியல் மையத்துக்குக் கூட்டிப் போனோம். கொக்கிரகுளத்தில், கலெக்டர் ஆபீஸ் பக்கம் இருக்கிறது. 1987 பிப்ரவரி 27இல் திறந்தது. பெங்களூரில் இருக்கும் விசுவேசுவரய்யா தொழில் தொழில்நுட்ப அருங்காட்சியகத்தின் கிளை அது. உங்களில் பலர் அந்தப் பக்கம் ஆயிரம் தடவை பஸ்ஸில் போயிருப்பீர்கள், உள்ளே போயிருக்க மாட்டீர்கள். நானும் ஆசிரியராகிப் பல வருடம் கழித்துத்தான் போனேன்.

பொதுவாக அருங்காட்சியகம் என்றால் கண்ணாடிப் பெட்டியும் ‘தொடாதீர்கள்’ என்ற பலகையும்தான் நம் நினைவுக்கு வரும். இங்கே தொட்டால்தான் எதுவும் நடக்கும். பொத்தானை அமுக்க வேண்டும், சக்கரத்தைச் சுற்ற வேண்டும், கயிற்றை இழுக்க வேண்டும். வெளியே பூங்காவில் கப்பி நாற்காலியில் உட்கார்ந்து தன்னைத் தானே மேலே தூக்கிக்கொள்ளலாம். கப்பி கூடக் கூடத் தூக்குவது சுலபம். எல்லோரும் சுலபமான நாற்காலிக்கு அடித்துக்கொண்டிருந்தபோது ஏழாம் வகுப்புப் பிள்ளை ஒருத்தி, “லேசாத்தான் இருக்கு டீச்சர், ஆனா கயிறு நெறைய இழுக்க வேண்டியிருக்கு” என்றாள். விசையில் மிச்சம் பிடித்தால் தூரத்தில் கொடுக்க வேண்டும் என்று நாங்கள் கரும்பலகையில் எழுதிப் போட்டு மனப்பாடம் செய்யச் சொல்லும் விஷயம் அது. அவளுக்கு அதை அவள் கையே சொல்லிவிட்டது.

அன்று இரவு எனக்குச் சரியாகத் தூக்கம் வரவில்லை. நம் பள்ளி அறிவியல் அறையில் இரண்டு இரும்பு அலமாரிகள் இருக்கின்றன. லென்ஸ், காந்தம், தராசு, சோதனைக் குழாய் எல்லாம் அவற்றுக்குள் இருக்கின்றன. சாவி என் மேசை இழுப்பறையில் இருந்தது. ஒன்று உடைந்தால் இருப்புப் பதிவேட்டில் எழுத வேண்டும், தணிக்கைக்குப் பதில் சொல்ல வேண்டும் என்ற பயத்தில் வருடத்தில் நாலைந்து தடவைதான் திறப்போம். அப்போதும் ஆசிரியர் செய்து காட்டுவார், பிள்ளைகள் கைகட்டிப் பார்ப்பார்கள். பூட்டி வைத்த பொருள் உடையாது என்பது உண்மைதான். ஆனால் அரசு அதை வாங்கித் தந்தது உடையாமல் இருப்பதற்காகவா?

மறுநாள் சாவியை அறிவியல் ஆசிரியரிடம் கொடுத்தேன். அவர் அதைப் பிள்ளைகள் பொறுப்பில் விட்டார். வாரம் ஒரு குழு அலமாரியைத் திறந்து, எடுத்ததை எழுதி, கழுவித் துடைத்துத் திரும்ப வைக்கிறது. இந்த வருடம் நாலு சோதனைக் குழாய், ஒரு பீக்கர், ஒரு லென்ஸ் உடைந்தன. பதிவேட்டில் எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். உடைத்த பிள்ளை யாரும் பயந்து மறைக்கவில்லை. அதில் எனக்கு ரொம்பச் சந்தோஷம்.

ஆறு முதல் எட்டு வகுப்புகளுக்கு வானவில் மன்றம் இருப்பது உங்களுக்குத் தெரியும். 2022 நவம்பரில் அரசு தொடங்கிய திட்டம். கருத்தாளர் என்ற பயிற்றுநர் ஒருவர் வந்து எளிய பொருட்களை வைத்துச் சோதனை செய்ய வைப்பார். அவர் வந்து போன பிறகும் அந்தச் சோதனை நிற்காமல் தொடர வேண்டும் என்பதுதான் எங்கள் ஆசை. அலமாரி திறந்த பிறகு அது நடந்தது.

ஊசல் கதையை மட்டும் விரிவாகச் சொல்லிவிடுகிறேன். ஊசலின் நூல் நீளத்தைப் பொறுத்துத்தான் ஆட்டத்துக்கு ஆகும் நேரம் மாறும், தொங்கும் குண்டின் எடையைப் பொறுத்து மாறாது என்று பாடம் சொல்கிறது. எட்டாம் வகுப்புக் குழு ஒன்று வேப்பமரக் கிளையில் அரை மீட்டர் நூல் இரண்டைக் கட்டியது. ஒன்றில் சின்னக் கூழாங்கல், இன்னொன்றில் கைக்கு அடங்காத பெரிய கல். இருபது ஆட்டத்துக்கு நேரம் எடுத்தால் பெரிய கல் ஒரு வினாடி போலப் பிந்துகிறது. திரும்பத் திரும்பச் செய்தார்கள், அதே விடைதான் வந்தது. “புத்தகம் தப்பு சார்” என்று வந்து நின்றார்கள்.

ஆசிரியருக்கு விடை தெரியும். சொல்லாமல் இருந்தார். அது சுலபமான காரியமில்லை, முப்பது வருடம் வகுப்பெடுத்த எனக்கு அது நன்றாகவே தெரியும். வாய் துறுதுறுவென்று வரும். மூன்று நாள் அந்த மரத்தடியில் ஒரே சண்டை. காற்று என்றான் ஒருவன், நூல் இழுபடுகிறது என்றான் இன்னொருவன். மூன்றாம் நாள் ஒரு பையன் ஸ்கேலைக் கொண்டுபோய்க் கிளையிலிருந்து கல்லின் நடுப்பகுதி வரை அளந்தான். நூல் சமம்தான். ஆனால் கல் பெரிதாக இருப்பதால் அதன் நடு இன்னும் கீழே போயிருந்தது. அதாவது பெரிய கல்லின் ஊசல்தான் உண்மையில் நீளம். நூலைக் குறைத்து, நடுவிலிருந்து அளந்து கட்டினார்கள். இரண்டும் ஒன்றாக ஆடின. அன்றைக்கு அந்த மரத்தடியில் போட்ட கூச்சல் கேட்டு நான் யாருக்கோ அடிபட்டுவிட்டது என்று ஓடினேன்.

நம் பெற்றோர் கூட்டத்தில் ஒருவர் நியாயமாகவே கேட்டார்: “இதெல்லாம் பரீட்சைக்கு வருமா? படிப்பு கெடாதா?” அவருக்கு அப்போது நான் முழுசாகப் பதில் சொல்லவில்லை. பத்தாம் வகுப்பு அறிவியலில் 100 மதிப்பெண்ணில் 25 செய்முறைக்கு. அது ஒரு கணக்கு. அதைவிட, அந்தக் குழுவில் இருந்த எந்தப் பிள்ளையும் ஊசல் பாடத்தை இனி மறக்காது. மூன்று நாளில் ஒரு பாடம்தான் நடந்தது என்பது குறைதான், ஒத்துக்கொள்கிறேன். எல்லாப் பாடத்தையும் இப்படி நடத்த முடியாது. சிலவற்றையாவது இப்படி நடத்தாவிட்டால் மற்றவையும் மனதில் ஒட்டாது என்பது என் அனுபவம்.

செப்டம்பர் 7 ஞாயிறு இரவு சந்திர கிரகணத்துக்குப் பள்ளித் திடலில் கூடினோம். கிரகணத்தன்று வெளியே அனுப்ப மாட்டோம் என்று சில வீடுகளில் சொன்னீர்கள். வீட்டு வழக்கத்தில் தலையிட எனக்கு மனமில்லை. ஆனால் ஒன்றைத் தெளிவாகச் சொல்ல வேண்டும். சூரிய கிரகணத்தை வெறும் கண்ணால் பார்க்கக் கூடாது, கண் கெடும். சந்திர கிரகணம் அப்படியில்லை. நிலா வெளிச்சத்தைவிடக் குறைவான வெளிச்சம், எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் பார்க்கலாம். 9.57க்கு ஓரம் கறுக்கத் தொடங்கி, 11.01க்கு நிலா முழுசாக மறைந்து செம்பு நிறத்துக்கு வந்தது. நடுவில் மேகம் வந்து எங்கள் பொறுமையைச் சோதித்தது. பூமியின் நிழலில் இருக்கும்போது ஏன் சிவக்கிறது என்று கேட்டார்கள். உலகத்தைச் சுற்றியிருக்கும் காற்று சூரிய வெளிச்சத்தை வளைத்து அனுப்புகிறது, வழியில் நீலம் சிதறிப்போய்ச் சிவப்பு மட்டும் மிஞ்சுகிறது. சாயங்கால வானம் சிவப்பதும் இதே காரணத்தால்தான். ஒரு ஆச்சி பேரனுக்குத் துணையாக வந்து, எல்லோருக்கும் சுக்குக் காப்பி போட்டுக் கொடுத்தார்கள். அவர்களும் 12.20 மணிக்குப் பிறகு நிலா வெளியே வரும்வரை அண்ணாந்து பார்த்தபடியே இருந்தார்கள்.

அன்றைக்கு எனக்கு ஒரு வருத்தமும் இருந்தது. ஆண் பிள்ளைகள் நிறைய வந்தார்கள். பெண் பிள்ளைகளின் ஒப்புதல் கடிதங்கள் பாதிக்கு மேல் கையெழுத்தில்லாமல் திரும்பின. இரவு நேரம், உங்கள் கவலை எனக்குப் புரிகிறது. அடுத்த தடவை நம் ஆசிரியைகள் வீடு வரை கொண்டுவந்து விடுவார்கள், அம்மாவோ ஆச்சியோ கூடவே வரலாம். கப்பி நாற்காலியில் அந்த விஷயத்தைக் கண்டுபிடித்ததே ஒரு பெண் பிள்ளைதான். வானத்தை அவளுக்கு மட்டும் ஏன் மறைக்க வேண்டும்?

பொங்கல் கழிந்து அறிவியல் மையத்தின் பேருந்து நம் திடலுக்கு வந்தது. நடமாடும் அறிவியல் கண்காட்சி. இந்தப் பேருந்துக்கு ஒரு வரலாறு உண்டு. 1959இல் கொல்கத்தாவில் தொடங்கிய பிர்லா தொழில் தொழில்நுட்ப அருங்காட்சியகம், கிராமத்துப் பிள்ளைகள் நகரத்துக்கு எப்படி வருவார்கள் என்று யோசித்து, 1965இல் அருங்காட்சியகத்தையே வண்டியில் ஏற்றி அனுப்பியது. அந்த வழியில்தான் நம் ஊருக்கும் வண்டி வந்தது. பக்கத்து ஊர்ப் பள்ளிகளையும் கூப்பிட்டிருந்தோம்.

வந்தவர்களுக்கு விளக்கிச் சொன்னது நம் பிள்ளைகள்தான். முதல் நாள் கற்றுக்கொண்டு மறுநாள் சொன்னார்கள். அமெரிக்காவில் ஃபிராங்க் ஓப்பன்ஹைமர் என்ற விஞ்ஞானி ஒரு சின்ன ஊர்ப் பள்ளியில் ஆசிரியராக இருந்தவர். அவர் 1969இல் சான் ஃபிரான்சிஸ்கோவில் எக்ஸ்ப்ளோரடோரியம் என்ற அருங்காட்சியகத்தைத் தொடங்கியபோது, விளக்கம் சொல்லும் வேலையைப் பள்ளி மாணவர்களிடமே கொடுத்தார். அடுத்தவருக்குச் சொல்லும்போதுதான் தனக்கு எது புரியவில்லை என்பதே தெரியவரும். பாடப் புத்தகம் வாசிக்கத் திணறும் எட்டாம் வகுப்புப் பையன் ஒருவன் பல்சக்கரத்தின் பக்கத்தில் நின்று, “பின்னால சின்னப் பல்லுல செயின் கெடந்தா மிதி கனக்கும், ஆனா வண்டி பறக்கும்” என்று தன் அப்பா சைக்கிள் கடையில் கற்றதைச் சொன்னான். அவன் வாசிப்பை நாங்கள் இன்னும் சரிசெய்யவில்லை, அந்தப் பாக்கி எங்களுடையது. ஆனால் அவன் மேல் எங்களுக்கு இருந்த எண்ணம் அன்றைக்கு மாறியது.

பிப்ரவரி 27 வெள்ளியன்று தேசிய அறிவியல் தினத்தை ஒரு நாள் முந்திக் கொண்டாடினோம். ஒரு பொருளில் பட்டுச் சிதறும் வெளிச்சத்தில் கொஞ்சம் நிறம் மாறுகிறது என்ற ராமன் விளைவை, 1928 பிப்ரவரி 28இல் சர் சி.வி. ராமனும் கே.எஸ். கிருஷ்ணனும் கண்டுபிடித்ததற்கான நாள் அது. கிருஷ்ணன் விருதுநகர் மாவட்டத்து வத்திராயிருப்பில் பிறந்தவர். சூரிய வெளிச்சம், நிறக் கண்ணாடிகள், அறுபது வகைத் திரவம், சொந்தக் கண். இவற்றை வைத்துத்தான் முதலில் பார்த்தார்கள். நம் பிள்ளைகள் அன்று ஆரத்தித் தட்டை எடுத்துக்கொண்டார்கள். மஞ்சளில் சுண்ணாம்பு கலந்தால் ஏன் சிவக்கிறது? மஞ்சள் தடவிய தாளைச் சோப்புத் தண்ணீரில் தொட்டால் சிவக்கிறது, எலுமிச்சைச் சாறு விட்டால் திரும்ப மஞ்சளாகிறது. செம்பருத்திச் சாறு இன்னும் அழகு. எலுமிச்சையில் இளஞ்சிவப்பு, சோப்பில் பச்சை. இதற்கான பொருள் எல்லாம் உங்கள் அடுக்களையில் இருக்கிறது.

அதனால்தான் உங்களிடம் கேட்கிறேன். பிள்ளை வீட்டில் எதையாவது எடுத்து நோண்டினால் உடனே கையைத் தட்டிவிடாதீர்கள். என்ன செய்கிறாய் என்று ஒரு தடவை கேளுங்கள். மண்பானைத் தண்ணீர் ஏன் குளிர்கிறது, ஏற்றம் எப்படி இறைத்தது, வெள்ளிக்கோலில் எடை எப்படிப் பார்த்தார்கள் என்பதெல்லாம் எங்களைவிடத் தாத்தா, ஆச்சிகளுக்கு நன்றாகத் தெரியும். கண்காட்சிக்கு அவர்களை அவசியம் கூட்டி வாருங்கள்.

அப்புறம், பொருட்கள். சிரட்டை, வாரியல் குச்சி, பழைய சைக்கிள் டியூப், பிளாஸ்டிக் பாட்டில், ஓடாத கடிகாரம், கெட்டுப்போன ஸ்பீக்கர் இருந்தால் கொடுத்தனுப்புங்கள். ஸ்பீக்கருக்குள் நல்ல காந்தம் இருக்கும். குழல்விளக்கும் சி.எஃப்.எல். பல்பும் வேண்டாம், உள்ளே பாதரசம் இருக்கிறது. பழைய டி.வி.யும் வேண்டாம். பிளக்கில் மாட்டியிருக்கும் எதையும் பிள்ளைகள் திறக்கக் கூடாது என்பதில் நீங்களும் கண்டிப்பாக இருங்கள்.

கடைசியாக ஒன்று. ஏப்ரல் 12 ஞாயிற்றுக்கிழமை நம் பகுதியில் நிழலில்லா நாள். சூரியன் நேர் உச்சிக்கு வரும். மதியம் 12.20 வாக்கில், செங்குத்தாக நிற்கும் கம்பத்துக்குப் பக்கவாட்டில் நிழல் விழாது. வருடத்தில் இரண்டு நாள்தான் இப்படி, இன்னொன்று ஆகஸ்ட் கடைசியில். 12 மணிக்குப் பள்ளிக் கொடிக்கம்பத்தடியில் இருப்போம். வர முடியாதவர்கள் முற்றத்தில் உலக்கையை நேராக நிறுத்திப் பாருங்கள். சூரியனை அண்ணாந்து பார்க்க வேண்டாம், தரையைப் பார்த்தால் போதும். வெயில் கடுமையாக இருக்கும், தொப்பியும் தண்ணீரும் கொடுத்தனுப்புங்கள்.

ஒப்புதல் சீட்டை இந்தக் கடிதத்தோடு இணைத்திருக்கிறேன். கையெழுத்திட்டு வெள்ளிக்கிழமைக்குள் வகுப்பாசிரியரிடம் சேர்த்துவிடுங்கள். பெண் பிள்ளைகளின் சீட்டை நானே நேரில் வாங்கிக்கொள்கிறேன், பேச வேண்டியது இருந்தால் பேசலாம். காலை 9 மணிக்குமுன் எப்போதும் பள்ளியில் இருப்பேன்.

அன்புடன்,
தலைமையாசிரியர்