நிர்மலாவுக்கு: நீ கேட்ட கேபினெட்டைப் பற்றி

அன்புள்ள நிர்மலா,

இத்தனை நாள் கழித்துப் பதில் எழுதுவதற்கு மன்னிப்புக் கேட்டால், நீ அதைப் பற்றியே அரைப் பக்கம் திருப்பி எழுதுவாய் என்பதால் கேட்கவில்லை. இங்கே அனைவரும் நலம். பத்மா பேச்சை நிறுத்தவில்லை என்பதிலிருந்து அவளும் நலம் என்று தெரிந்துகொள்.

உன் ஒலிப்பதிவுகளில் கணினியின் இரைச்சல் விழாமலிருக்க நீ வாங்கப்போவதாக எழுதியிருந்த அந்த 'அமைதியான' கேபினெட், அதாவது கணினியின் பாகங்களை வைக்கும் பெட்டி, எதிர்பாராமல் என்னிடமே வந்து சேர்ந்தது. ராகவன் புதிய கணினி கட்டுவதற்காக அதையே வாங்கியிருந்தான். மற்ற பாகங்கள் வரத் தாமதமானதால், "உன்னிடம் இருக்கட்டும், பிரித்துப் பார்க்காமல் உன்னால் இருக்க முடியாது என்பதும் எனக்குத் தெரியும்" என்று சொல்லி வைத்துவிட்டுப் போனான். உன்னைச் சாக்காக வைத்து, என் மதர்போர்டு முதல் பவர் சப்ளை வரை எல்லாவற்றையும் அதற்குள் மாற்றி, இதுவரை அதிலேயே வேலை செய்துகொண்டிருக்கிறேன். முடிவை முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன்: வாங்காதே. காரணம் சொல்லாமல் உன்னிடம் ஒன்றைச் சொன்னால் நீ கேட்பதில்லை, சொன்னாலும் பெரும்பாலும் கேட்பதில்லை, இருந்தாலும் எழுதுகிறேன்.

முதலில் அதன் நல்ல குணங்களைச் சொல்வதுதான் நியாயம். தகடு தடிமனாக இருக்கிறது. பக்கப் பலகையை விரல் முட்டியால் தட்டினால் "டங்" என்று அதிராமல் "தொப்" என்று அடங்குகிறது. தகட்டின் உட்புறத்தில் தார் போன்ற கனமான விரிப்பு ஒட்டியிருப்பதே அதற்குக் காரணம். முன்பக்கக் கதவு காந்தத்தோடு இறுக்கமாக மூடுகிறது. கதவின் உள்ளேயும் மேற்கூரையிலும் ஃபோம் இருக்கிறது. திருகுகள் ஒழுங்காகப் பிடிக்கின்றன, எந்த மூலையிலும் கை கீறவில்லை. கணினி சும்மா இருக்கும் நேரத்தில், அதாவது ஒரு பக்கத்தைத் திறந்து வைத்துப் படித்துக்கொண்டிருக்கும்போது, அது இயங்குகிறதா என்பதை விளக்கைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டியிருக்கிறது. நீ பார்த்த விளம்பரம் இந்த நிலையைத்தான் காட்டுகிறது; அது பொய்யில்லை.

ஆனால் நீ கணினியைச் சும்மா இருக்க விடுகிறவளா? ஒரு அத்தியாயத்தின் வீடியோவை எக்ஸ்போர்ட் செய்ய விட்டுவிட்டு, அது முடிவதற்குள் அடுத்த அத்தியாயத்தை மைக்கின் முன்னால் வாசிக்கத் தொடங்குகிறவள் நீ. அதையே நானும் செய்து பார்த்தேன். சிறிது நேரத்தில் உள்ளேயிருந்த விசிறிகள் ஒவ்வொன்றாக வேகமெடுத்து, கதவு மூடியிருந்த நிலையிலேயே மேசைக்கு அப்பால் வரை இரைச்சல் கேட்டது. எழுந்து போய்க் கதவைத் திறந்து வைத்தேன். தடுப்பு நீங்கியதால் முதலில் சத்தம் கூடியது. சில நிமிடங்களில் விசிறிகளின் வேகம் தானாகவே இறங்கி, கதவு மூடியிருந்தபோது இருந்ததைவிட அமைதியாகிவிட்டது. சத்தத்தைத் தடுப்பதற்காக வைத்த கதவைத் திறந்தால் சத்தம் குறைகிறது என்றால், அந்தக் கதவு எதற்கு?

இதற்கான விளக்கம் எளிது, ஆனால் விற்பவர்கள் அதைச் சொல்வதில்லை. ஒரு கணினி 300 வாட் மின்சாரத்தை எடுத்துக்கொண்டால், ஏறக்குறைய அது முழுவதும் வெப்பமாகி வெளியே வந்தாக வேண்டும். மணிக்கு 85 கன மீட்டர் காற்று பெட்டியின் வழியாகப் போனால், வெளியேறும் காற்று உள்ளே வந்த காற்றைவிடச் சுமார் 10.5 டிகிரி சூடாக இருக்கும். அதில் பாதிக் காற்றே போனால் அந்த வித்தியாசம் 21 டிகிரியாகிவிடும். ப்ராசஸரின் மேல் சூட்டை வாங்கிக் காற்றில் விடும் உலோகத் தொகுதியான ஹீட் சிங்க்கும், படங்களைத் திரைக்குத் தயாரிக்கும் கிராஃபிக்ஸ் கார்டும் இந்தச் சூடான காற்றைக் கொண்டுதான் ஆற வேண்டும் என்பதால் அவற்றின் விசிறிகள் இன்னும் வேகமாகச் சுழல்கின்றன. நீ ஆசைப்படும் கேபினெட்டில் கதவை மூடிவிட்டால், காற்று நுழைவதற்கு இரு ஓரங்களிலும் விரல் அகலமே உள்ள பிளவுகள்தான் மிஞ்சுகின்றன. அதற்குப் பின்னால் நெருக்கமான தூசி வடிகட்டி வேறு. கம்பளியைப் போர்த்திக்கொண்டு ஓடுகிறவனுக்கு மூச்சு வாங்குவது போலத்தான் அது வேலை செய்கிறது.

இதை நீயும் எந்தப் பெட்டியிலும் சோதித்துப் பார்க்கலாம். கணினிக்குக் கடுமையான வேலை ஒன்றைக் கொடுத்து, வெப்பநிலையும் விசிறி வேகமும் நிலைபெறும் வரை காத்திரு. பிறகு முன்பக்கத்தைக் கழற்று. சிறிது நேரம் கழித்துப் பக்கப் பலகையையும் கழற்று. விசிறிகளின் வேகம் மாறவில்லை என்றால் அந்தப் பெட்டி காற்றை மறிக்கவில்லை என்று கொள்ளலாம். சட்டென்று இறங்கினால், உன் கணினியில் கேட்கும் சத்தத்தில் ஒரு பங்கைப் பெட்டியே உண்டாக்குகிறது என்று பொருள்.

விசிறியின் வேகத்தைப் பற்றி நான் இவ்வளவு பேசுவதற்குக் காரணம் உண்டு. ஒரு விசிறியின் வேகத்தைப் பாதியாக்கினால் அதன் இரைச்சல் ஏறக்குறைய 15 டெசிபல் (ஒலியின் அளவைக் குறிக்கும் அலகு) குறைகிறது. 10 டெசிபல் குறைந்தாலே காதுக்குப் பாதியாகக் கேட்கும். மறுபுறம், ஒரே மாதிரியான மூன்று விசிறிகளை ஒன்றாக ஓடவிட்டால் ஒன்றைவிட 5 டெசிபல் கூடக் கூடுவதில்லை. இந்த இரண்டையும் சேர்த்துப் பார். நிமிடத்துக்கு 1200 சுற்றில் ஓடும் ஒற்றை விசிறிக்குப் பதிலாக 600 சுற்றில் ஓடும் மூன்று விசிறிகளை வைத்தால், தடையில்லாத இடத்தில் ஒன்றரை மடங்கு காற்று கிடைக்கிறது, சத்தமோ காதுக்குப் பாதியாகிவிடுகிறது. கஞ்சத்தனத்தால் விசிறிகளின் எண்ணிக்கையைக் குறைப்பது இந்த ஒரு விஷயத்தில் உனக்கு நஷ்டம்தான். ஆனால் மெதுவாகச் சுழலும் விசிறிக்கு அழுத்தம் மிகக் குறைவு. வேகம் பாதியானால் அது தரும் அழுத்தம் கால் பங்காகிவிடும். குறுகிய பிளவையும் தடித்த வடிகட்டியையும் தாண்டி அதனால் காற்றை இழுக்க முடியாது. மெதுவான விசிறிகளும் மூடிய கதவும் ஒத்துப்போகாததற்கு இதுவே காரணம், நான் ராகவனிடம் தொண்டை வறளப் பேசிக்கொண்டிருப்பதும் இதைத்தான்.

மூடிய பெட்டிகளை வடிவமைத்தவர்கள் விவரம் தெரியாதவர்கள் என்று நான் சொல்லவில்லை. 2005இல் ஆன்டெக் நிறுவனம் வெளியிட்ட பி180 கேபினெட்டை எடுத்துக்கொள். அமைதியான கணினிகளை ஆராய்வதையே வேலையாகக் கொண்டிருந்த மைக் சின் அதன் வடிவமைப்பில் பங்குகொண்டார். மூன்று அடுக்குகளாலான பலகைகள், பவர் சப்ளைக்கென்று அடியில் தனி அறை, ஹார்டு டிஸ்க்குகள் அதிராமலிருக்கச் சிலிக்கோன் தாங்கிகள், முன்னால் கதவு என்று அதில் எதுவும் யோசிக்காமல் வைக்கப்படவில்லை. அந்தக் காலத்தில் ஒவ்வொரு கணினிக்குள்ளும் ஒரு ஹார்டு டிஸ்க்காவது சத்தமிட்டுக்கொண்டிருந்தது. கிராஃபிக்ஸ் கார்டுகளோ இன்றைய அளவுக்கு வெப்பத்தைக் கக்கவில்லை. இன்று ஆர்டிஎக்ஸ் 4090 என்ற கார்டு ஒன்றுக்கு மட்டுமே 450 வாட் என்று குறிக்கப்பட்டிருக்கிறது. அதனால்தான் 2021இல் ஃப்ராக்டல் டிசைன் வெளியிட்ட டாரன்ட் போன்ற பெட்டிகளில் ஃபோமே இல்லை. முன்பக்கம் முழுவதும் திறந்த அமைப்பு, அதற்குப் பின்னால் 180 மில்லிமீட்டர் விசிறிகள் இரண்டு. ஒலியை அடைத்து வைக்கப் பார்த்த காலம் போய், ஒலி பிறக்காமல் பார்த்துக்கொள்ளும் காலம் வந்திருக்கிறது.

இனி உன் சொந்தத் தொல்லைக்கு வருகிறேன், ஏனென்றால் எனக்கு உண்மையில் கவலையளிப்பது அதுதான். நீ அனுப்பிய ஒலிப்பதிவைக் காதில் ஹெட்ஃபோன் மாட்டிக்கொண்டு பலமுறை கேட்டேன். விமானம் போல இரையும் உன் பழைய கணினியின் விசிறி இரைச்சலைவிட, அதற்கு அடியில் விடாமல் ஓடிக்கொண்டிருக்கும் ஒரு முனகல்தான் வாசிப்பைக் கெடுக்கிறது. அது ஏறி இறங்கி, ஏறி இறங்கி வருகிறது. அது உன் இரண்டு ஹார்டு டிஸ்க்குகள். நிமிடத்துக்கு 7200 முறை சுழலும் டிஸ்க் வினாடிக்கு 120 முறை அதிர்கிறது. இரண்டு டிஸ்க்குகளின் வேகமும் மயிரிழை வேறுபட்டால், அவற்றின் அதிர்வுகள் ஒன்றோடொன்று கூடியும் கழிந்தும் அந்த ஏற்ற இறக்கத்தைத் தருகின்றன. அவை இரும்புச் சட்டத்தில் நேரடியாகத் திருகப்பட்டிருப்பதால் பெட்டி முழுவதும் அவற்றோடு சேர்ந்து முனகுகிறது.

புதிய கேபினெட்டில் இருக்கும் ஃபோம் இதை விழுங்கிவிடும் என்று நீ நம்பியிருக்கிறாய். விழுங்காது. 120 ஹெர்ட்ஸ் (வினாடிக்கு 120 அதிர்வு) ஒலியின் அலைநீளம் காற்றில் ஏறக்குறைய 2.9 மீட்டர். ஃபோம் போன்ற பொருள் ஒலியை நன்றாக உறிஞ்ச வேண்டுமானால், அதன் தடிமன் அலைநீளத்தின் கால் பங்கை நெருங்க வேண்டும். அப்படிப் பார்த்தால் 70 சென்டிமீட்டர் தடிமனுள்ள ஃபோம் வேண்டியிருக்கும், அதற்குள் கணினியை வைக்க இடமிருக்காது. சில மில்லிமீட்டர் ஃபோமால் கீச்சென்ற உயர்ந்த ஒலிகளைக் கொஞ்சம் மழுக்க முடியும், அதற்கு மேல் அதனிடம் எதிர்பார்ப்பது நியாயமில்லை. தகட்டில் ஒட்டிய கனமான விரிப்பு தகட்டின் அதிர்வைக் குறைக்கும் என்பது உண்மைதான், ஆனால் அதிர்வு தகட்டுக்குப் போகாமலே தடுப்பது அதைவிட எவ்வளவோ மேல்.

விளம்பரத்தில் போட்டிருந்த டெசிபல் எண்ணை நீ கோடிட்டு அனுப்பியிருந்தாய். எத்தனை தொலைவில் வைத்து அளந்தார்கள் என்று அதில் எழுதவில்லை. தொலைவைச் சொல்லாத டெசிபல் எண் எதையும் சொல்வதில்லை. அதோடு, அத்தகைய அளவுகள் பெரும்பாலும் காதின் உணர்திறனுக்கு ஏற்பத் தாழ்ந்த ஒலிகளைக் கழித்தே கணக்கிடப்படுகின்றன. 125 ஹெர்ட்ஸ் அருகில் அந்தக் கழிவு 16 டெசிபல். ஆகவே உன்னை வதைக்கும் முனகல் அந்த எண்ணில் ஏறக்குறைய தெரியவே தெரியாது, ஆனால் உன் மைக்குக்கு அந்தத் தயவு கிடையாது. மென்பொருளால் நீக்கிக்கொள்ளலாமே என்று கேட்பாய். 120 ஹெர்ட்ஸை வெட்டிவிடலாம். அதன் மடங்கான 240 ஹெர்ட்ஸ் உன் குரலின் நடுவில் வந்து விழுகிறதே, அதை என்ன செய்வாய்? சென்ற பதிவில் நீ அதைத்தான் செய்திருக்கிறாய் என்று சந்தேகிக்கிறேன், ஏனென்றால் குரல் தண்ணீருக்குள்ளிருந்து வந்தது. இருமல் வந்த கதாநாயகி என்று நினைத்துக் கொஞ்ச நேரம் பாராட்டவும் செய்தேன்.

ஆகவே நான் சொல்வது இதுதான். அன்றாடம் பயன்படுத்தும் கோப்புகளை எஸ்எஸ்டிக்கு, அதாவது சில்லுகளில் தகவலைச் சேமிக்கும் வட்டுக்கு, மாற்றிவிடு. அதில் சுழல்வது எதுவுமில்லை. பழைய பதிவுகள் உள்ள இரண்டு டிஸ்க்குகளையும் வேறு அறையில் இருக்கும் பெட்டி ஒன்றில் போட்டு, நெட்வொர்க் கம்பி வழியாகப் பயன்படுத்து. அது முடியவே முடியாது என்றால், தையலுக்குப் பயன்படும் தடித்த எலாஸ்டிக் நாடாவைச் சட்டத்தின் குறுக்கே இழுத்துக் கட்டி, டிஸ்க்கை அதன்மேல் தொங்கவிடலாம். பார்க்க அசிங்கமாக இருக்கும், ஆனால் ரப்பர் வாஷர்களைவிட நன்றாக அதிர்வைத் தடுக்கும். அப்படிக் கட்டிய பெட்டியை நகர்த்துவதற்கு முன் டிஸ்க்கைக் கழற்றிவிட வேண்டும் என்பதை மட்டும் மறக்காதே.

டிஸ்க்குகள் வெளியேறிவிட்டால், பெட்டியிடம் நீ கேட்க வேண்டியவை மிகவும் குறைந்துவிடும். முன்பக்கம் வலையாக இருக்க வேண்டும்; அந்த வலைக்கும் விசிறிக்கும் இடையே கொஞ்சம் இடைவெளி இருக்க வேண்டும், ஏனென்றால் இறக்கைகளுக்கு ஒட்டியபடி துளையிட்ட தகடு இருந்தால் காற்று கிழிபட்டுத் தனியாக ஓர் ஊளையை உண்டாக்கும். 140 மில்லிமீட்டர் விசிறிகள் முன்னால் இரண்டாவது, பின்னால் ஒன்றாவது பொருந்த வேண்டும். பெரிய ஹீட் சிங்க்குக்கு உயரம் போதுமா என்று பார். நாக்டுவா நிறுவனத்தின் என்ஹெச்-டி15 போன்றவற்றுக்கு 165 மில்லிமீட்டர் வேண்டும், அகலம் குறைந்த பெட்டிகளில் பக்கப் பலகை மூடாது. நீ கணினியை மேசைக்குக் கீழே வைப்பதால், காதை நோக்கித் திறந்திருக்கும் மேற்கூரைத் துளைகள் உனக்கு வேண்டாம். மேல் மூடியைத் துளையுள்ளதாகவும் துளையற்றதாகவும் மாற்றிக்கொள்ளக்கூடிய பெட்டிகள் கிடைக்கின்றன. கண்ணாடிப் பலகையைப் பற்றி நீண்ட கேள்வி எழுதியிருந்தாய். சத்தத்தைப் பொறுத்தவரை அதனால் பெரிய நன்மையுமில்லை, கேடுமில்லை. அழகுக்காக வேண்டுமென்றால் அழகுக்காக என்று ஒப்புக்கொண்டு வாங்கு.

வாங்கிய பிறகு பயாஸில் (கணினி துவங்கும்போது முதலில் இயங்கும் அமைப்புத் திரையில்) விசிறிகளின் வேகத்தை நீயே அமைக்க வேண்டும். வெப்பநிலை ஒவ்வொரு வினாடியும் ஏறி இறங்குவதற்கேற்ப விசிறியும் ஏறி இறங்கினால், சீரான ஒலியைவிட அது மிகவும் எரிச்சலூட்டும்; வேகம் மாறுவதற்குச் சற்றுத் தாமதம் கொடுத்து வை. இதற்கு அரை மணி நேரம் ஒதுக்கு, பத்மாவிடம் தொலைபேசியில் பேசிக்கொண்டே செய்யாதே.

உன் பவர் சப்ளையின் மாடல் எண்ணையும், மேசைக்குக் கீழே இருக்கும் இடத்தின் உயரத்தையும் ஆழத்தையும் அளந்து எழுது. அவை தெரிந்தால்தான் இரண்டு மூன்று பெட்டிகளின் பெயரை உறுதியாகச் சொல்ல முடியும். அதுவரை எதையும் வாங்காதே, உதவிக்கு வருகிறேன் என்று சரவணன் சொன்னாலும் அவனிடம் திருப்புளியைக் கொடுக்காதே.

அன்புடன்,
கோமதி