"போதும், வெளியே வா": இதைச் சொல்வது யார்?

கோலாலம்பூர் வட்டாரத்தில் ஞாயிறுதோறும் எழுவர் கால்பந்தும் கபடியும் நடத்தும் தமிழர் விளையாட்டு மன்றங்களின் பொறுப்பாளர்களுக்கு,

வணக்கம். உங்கள் திடல்களில் பதினோரு வருடம் தடுப்பு ஆட்டக்காரனாக ஓடியவன் எழுதுகிறேன். இப்போது ஓடுவதில்லை. இடது முட்டி விடுவதில்லை.

போன மாதம் என் அக்கா மகன் ஆடிய ஆட்டத்துக்குப் போயிருந்தேன். எந்த மன்றம் என்பது இங்கே வேண்டாம். பையனுக்குப் பதினேழு வயது. கார்னர் பந்துக்கு எகிறியபோது எதிரணிப் பையனும் அவனும் மண்டையோடு மண்டை மோதிக்கொண்டார்கள். தேங்காய் உடைத்த மாதிரி ஒரு சத்தம், கூடாரம் வரைக்கும் கேட்டது. விழுந்தான், எழுந்தான், எங்கள் கோலைப் பார்த்தே நடக்க ஆரம்பித்தான். மேனேஜர் ஓடிப்போய்த் தலையில் தண்ணீர் ஊற்றினார், பின்கழுத்தில் கோடாலித் தைலம் தேய்த்தார். "இது எத்தனை விரல்?" "ரெண்டு." "சரி, ஆடு!" மீதி ஆட்டத்தையும் ஆடி முடித்தான். திரும்பும் வழியில், ஜாலான் ஈப்போ நெரிசலில், "மாமா, நாம ஜெயிச்சோமா?" என்று மூன்று தடவை கேட்டான். நான்காவது தடவை வாய் திறந்தபோது வாந்திதான் வந்தது.

ஸ்கேனில் ஒன்றும் இல்லை, பிழைத்தோம். ஆனால் தலையில் அடிபட்டவன் தடுமாறினாலே அன்றைக்கு ஆட்டம் முடிந்தது, மறுபடி இறக்கவே கூடாது, விரல் எண்ணச் சொல்வதெல்லாம் ஒரு சோதனையே இல்லை என்று அவசரப் பிரிவு டாக்டர் சொன்னபோது எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. நானும் கூடாரத்தில் உட்கார்ந்து கைதட்டிக்கொண்டுதானே இருந்தேன்.

அந்த மேனேஜர் கெட்டவர் இல்லை. ஏழைப் பிள்ளைகளுக்குச் சொந்தக் காசில் பூட்ஸ் வாங்கித் தருகிறவர். ஆனால் ஆட்டம் சமநிலையில் இருக்கிறது, பெஞ்சில் வேறு ஆள் இல்லை. அந்த நேரத்தில் அவர் கண்ணுக்கு எல்லா அடியும் சின்ன அடியாகத்தான் தெரியும். ஜெயிக்க நினைக்கிறவர் கையிலேயே "வெளியே வா" என்று சொல்லும் பொறுப்பையும் கொடுத்து வைத்திருக்கிறோம். நான் எழுதுவது இந்த ஒரு விஷயத்துக்காகத்தான்.

விளையாட்டு மருத்துவம் என்றாலே புக்கிட் ஜாலிலில் இருக்கும் தேசிய விளையாட்டுக் கழகம், அங்கே போகும் தேசிய வீரர்கள், அவ்வளவுதான் நமக்கு நினைவு வருகிறது. உலக அளவில் இந்தத் துறைக்கென்று 1928-லேயே, செயின்ட் மோரிட்ஸ் குளிர்கால ஒலிம்பிக்கின்போது, ஒரு சம்மேளனம் தொடங்கிவிட்டார்கள். நம் ஊரில் மலாயாப் பல்கலைக்கழகத்திலேயே இதற்கு மேற்படிப்பு இருக்கிறது. பங்சாரிலிருந்து எட்டிப் பார்க்கும் தூரத்தில் இருக்கும் அதன் மருத்துவமனையில் சாதாரண மனிதர்களும் போய்ப் பார்க்கலாம். முட்டி பிசகிய பேருந்து ஓட்டுநருக்கும், சர்க்கரை ஏறிய அம்மாவுக்கு எவ்வளவு நடக்கலாம் என்று சொல்வதற்கும் இதே துறை டாக்டர்கள்தான். 2019 தேசிய சுகாதார ஆய்வில் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு. இனவாரியாகப் பார்த்தால் இந்தியர்களாகிய நாம்தான் முன்னணியில். இந்தக் கிண்ணத்தை மட்டும் யாரும் நம்மிடமிருந்து பறிக்க முடியவில்லை.

நமக்கு இது அந்நியமான துறையும் இல்லை. 1966 பாங்காக் ஆசிய விளையாட்டில் மூன்று தங்கம் வாங்கிய மணி ஜெகதீசன் ஒரு டாக்டர். "பறக்கும் மருத்துவர்" என்றே பெயர். 1968 மெக்சிகோ ஒலிம்பிக்கில் 200 மீட்டரை 20.92 விநாடியில் ஓடினார், அந்தத் தேசியச் சாதனை 2017 வரை அசையவில்லை. பிறகு ஆசிய ஒலிம்பிக் மன்றத்தின் மருத்துவக் குழுவுக்குத் தலைமை தாங்கினார். உங்கள் மேடைகளில் அவர் பெயரைச் சொல்லிக் கைதட்டல் வாங்காதவர் யார்? அவர் படித்த படிப்பைத் திடலோரம் கொண்டுவந்தவர் யார் என்றுதான் கேட்கிறேன்.

"டாக்டர் வந்தால் சும்மா சும்மா ஆட்டத்தை நிறுத்துவார்" என்பீர்கள். பெரிய இடங்களிலும் இந்தப் பேச்சு உண்டு. 2015 ஆகஸ்டில் செல்சி, சுவான்சி ஆட்டம் நினைவிருக்கும். நடுவர் கூப்பிட்டதால் செல்சி அணியின் டாக்டர் ஈவா கார்னெய்ரோ திடலுக்குள் ஓடினார். அதனால் அடிபட்ட செல்சி ஆட்டக்காரர் ஹசார்ட் கொஞ்ச நேரம் வெளியே நிற்க வேண்டியதாயிற்று, ஏற்கெனவே ஓர் ஆள் குறைந்திருந்த அணி ஒன்பது பேரானது. செல்சி மேனேஜர் மொரின்யோ பகிரங்கமாகத் திட்டினார், டாக்டர் வேலையை விட்டே போனார். அடுத்த வருடம் கிளப் அவரிடம் மன்னிப்புக் கேட்டது. 2024 ஜூலையிலிருந்து, தலையில் அடிபட்டவருக்குப் பதிலாகத் தனி மாற்று ஆளை இறக்கிக்கொள்ள கால்பந்து விதியிலேயே இடம் இருக்கிறது. உங்கள் போட்டி விதித்தாளில் அந்த வரியைச் சேர்க்க ஒரு காசு செலவில்லை.

என் முட்டிக் கதையையும் சொல்லிவிடுகிறேன். அரையிறுதி ஆட்டம். திரும்பும்போது உள்ளே "டக்" என்றது. பிளாஸ்டிக் நாற்காலியில் வைத்துத் தூக்கிப் போனார்கள். சுளுக்கு எடுக்கும் தாத்தா ஒருவர் அன்பாகத்தான் நீவிவிட்டார். வீக்கம் வடிந்ததும் மூன்றாவது வாரமே இறங்கினேன். கிழிந்தது முட்டியை உள்ளே பிடித்து நிற்கும் ஏ.சி.எல். நார் என்றும், கிழிந்ததோடு ஆடியதில் எலும்புகளுக்கு நடுவே மெத்தை மாதிரி இருக்கும் ஜவ்வும் போய்விட்டது என்றும் அப்புறம்தான் தெரிந்தது. அறுவை சிகிச்சை செய்துகொண்டாலும் ஒன்பது மாதமாவது பொறுக்கச் சொல்வார்கள். எனக்கு மூன்று வாரம் பொறுக்க முடியவில்லை. பொறு என்று சொல்லவும் யாரும் இல்லை.

நாற்பது வயதைத் தாண்டியவர்களின் ஆட்டத்தை நண்பகல் வெயிலில் வைக்கிறீர்களே, அதுதான் எனக்கு இன்னும் பெரிய பயம். 2021-இல் கோப்பன்ஹேகனில் டென்மார்க் ஆட்டக்காரர் எரிக்சன் நெஞ்சு நின்று விழுந்தார். சில நிமிடங்களுக்குள் நெஞ்சை அழுத்தி, மின் அதிர்ச்சி கொடுத்ததால்தான் பிழைத்தார். நெஞ்சையும் அழுத்தாமல், அந்த அதிர்ச்சியும் தாமதமாகும் ஒவ்வொரு நிமிடமும் பிழைக்கும் வாய்ப்பு 7 முதல் 10 விழுக்காடு குறைகிறது. 999-ஐ அழைத்துவிட்டு ஆம்புலன்ஸ் நெரிசலைத் தாண்டி வரும்வரை நம் கையில் தைல பாட்டில் மட்டும்தான் இருக்கிறது.

நான் கேட்பது பெரிய காசு இல்லை. செயின்ட் ஜான் ஆம்புலன்ஸ், செம்பிறைச் சங்கம் போன்ற அமைப்புகளிடம் முன்கூட்டியே எழுதிக் கேட்டுப் பயிற்சி பெற்றவர்களைக் கூப்பிடுங்கள். ஒரு ஸ்ட்ரெச்சர், நெஞ்சு நின்றவருக்கு மின் அதிர்ச்சி கொடுக்கும் ஓர் ஏ.ஈ.டி. பெட்டி, ஐஸ் நிறைந்த ஒரு பெரிய தொட்டி. வெயிலில் உடம்பு கொதித்துச் சுருண்டு விழுந்தவரை முதலில் அந்தத் தண்ணீரில் குளிர்வித்துவிட்டுத்தான் வண்டியில் ஏற்ற வேண்டும். ஆளுயரச் சுழற்கிண்ணத்தை இடுப்புயரம் ஆக்கினாலே பாதிச் செலவு வந்துவிடும், சிறப்பு விருந்தினராக வரும் டத்தோவுக்குப் போடும் மாலையில் மீதி. அதைவிட முக்கியம், அந்த முதலுதவியாளர் "வேண்டாம்" என்று கையை ஆட்டினால் நடுவர், மேனேஜர், சிறப்பு விருந்தினர் யாரும் மறுபேச்சுப் பேசக் கூடாது. இதை விதித்தாளின் முதல் பக்கத்திலேயே அச்சடியுங்கள்.

அடுத்த போட்டிக்கான படிவம் எங்கள் வீட்டு மேசையில் கிடக்கிறது. பையன் தன் பெயரை எழுதிவிட்டான், பெற்றோர் கையெழுத்துக்கான இடம் இன்னும் காலியாக இருக்கிறது. அக்கா பேனாவைக் கையில் வைத்துக்கொண்டு என்னைத்தான் கேட்கிறாள்: "திடலோரம் யாருடா நிற்பா?"

இப்படிக்கு,
செந்தூலிலிருந்து ஒரு முன்னாள் ஆட்டக்காரன்