அலுமாரியை இழுத்துப் பாத்த பிறகு

ஆசிரியர் அவர்களுக்கு,

வெள்ளவத்தையில கடற்கரைப் பக்கத்து ஒழுங்கையொண்டில பழைய வீடொண்டு விலைக்கு வந்து, ரெண்டு மாசமா அதுக்குப் பின்னால திரியிறம். உறுதி பாத்தாச்சு, காணிக் கந்தோரில பதிவு தேடியாச்சு, சேர்வேயர் வந்து அளந்து பிளான் கீறித் தந்தார், வங்கி அனுப்பின மதிப்பீட்டாளரும் அரை மணித்தியாலம் நிண்டு காணி அளக்கிற பேர்ச் கணக்கில விலை போட்டுட்டுப் போயிட்டார். இவ்வளவு பேர் வந்து போயும் கூரை ஒழுகுமா, சுவர் நிக்குமா எண்டு ஒருத்தரும் ஒரு வரி எழுதேல்ல. கேட்டா அது தங்கட வேலை இல்லையாம்.

லண்டனில இருக்கிற சித்தியின்ர மகன் அங்க பழைய வீடு வாங்கேக்க வந்த சேர்வேயர் காணி அளக்கிற ஆள் இல்லை, வீட்டையே சோதிக்கிற ஆள். கூரை, பீலி, வயரிங் எண்டு ஒவ்வொண்டுக்கும் நம்பர் போடுவினம், 1 பச்சை, 2 மஞ்சள், 3 சிவப்பு. இவனுக்கு வந்ததில கன சிவப்பு, பயந்து வீட்டையே விடப் பாத்தவன். பிறகு அந்தாளோட போனில கதைச்சாப் பிறகுதான் விளங்கிச்சாம், வயரிங்குக்குச் சிவப்பு போட்டது நாளைக்கே எரியும் எண்டில்லை, அதைச் சோதிச்ச சேர்ட்டிபிகேட் ஒண்டும் இல்லையெண்டுதான். பீலி உடைஞ்சதுக்கு ஒரு சிவப்பு, அதால சுவர் நனையிறதுக்கு இன்னொண்டு, பீலியை மாத்தினா ரெண்டும் சரி. 2 போட்டிருந்த கூரைதான் கடைசியில கனக்கக் காசைத் திண்டது. நம்பர் அவசரத்தைத்தான் சொல்லுது, செலவைச் சொல்லுறேல்ல.

இதைக் கேட்டுட்டு நானும் ஒரு இஞ்சினியரைக் காசு குடுத்துக் கூட்டிக்கொண்டு போனன். முன் ஹோல் சுவரில சிலந்தி வலை மாதிரி வெடிப்பு, நான் அதைத்தான் காட்டிக் காட்டிக் கதைக்கிறன், மனுசன் அது மேல் பூச்சு சுருங்கினது, பேசாம வாங்கோ எண்டுட்டு நேரா பின் அறைக்குப் போய் அலுமாரியை இழுக்கச் சொன்னார். அதுக்குப் பின்னால பெயின்ட் அப்பளம் மாதிரிப் பொங்கி நிக்குது. பழைய கபுக் கல்லுச் சுவர் (செம்பாறையில வெட்டின கல்லு), சுண்ணாம்புச் சாந்தில கட்டினது, ஈரம் ஏறினாலும் காத்தோட காஞ்சு போகும், அதுக்கு மேல பிறகு ஆரோ சீமெந்து பூசி அடைச்சிட்டினம், உள்ள போன ஈரம் வெளியில வரேலாமக் கிடக்கு. குசினி ஸ்லப்புக்குக் கீழ ஸ்குரூ டிரைவரால தட்டினார், டொக் டொக் எண்டு வெறும் சத்தம், ஒரு துண்டு கழண்டு விழ உள்ளுக்குக் கம்பி கறள் கட்டி ரெண்டு மடங்கு வீங்கி இருக்கு. கடல் உப்புக் காத்து செய்யிற வேலை இது, கறள் வீங்க வீங்கக் கொங்கிரீட்டை வெடிக்க வைக்கும், மேல பூசி மறைச்சா கொஞ்ச நாளில திரும்பவும் விழும். தீராந்தியில கறையான் வேற. வெடிப்பைப் பாத்துப் பயந்த நான் இது ஒண்டையும் காணேல்ல!

மதிப்பீட்டுக்குக் காசு கட்டுறது நாங்கள்தானே, வங்கிகள் அந்த ரிப்போர்ட்டில வீட்டின்ர நிலைமைக்கெண்டு ஒரு பக்கம் கட்டாயம் கேட்டா என்ன? தாங்கள் குடுக்கிற கடனுக்கும் அந்த ஸ்லப்தானே பிணை.

விக்கிறவர் மே மாசத்துக்கு முதல் எழுதி முடிக்கோணும் எண்டு நெருக்குறார். நாங்கள் ஒரு மழை பெய்யட்டும் எண்டு பாத்துக்கொண்டிருக்கிறம்.

வெள்ளவத்தை வாசகர் ஒருவர்
கொழும்பு 6