பிளேடு புதுசா என்று கேட்கிறோம், ஊசியைக் கேட்கிறோமா?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். முகூர்த்த நாள் வந்துவிட்டால் கடலூர் பக்கத்துத் திருவந்திபுரம் சாலையில் வண்டி நகராது. கல்யாண கோஷ்டி ஒரு பக்கம், மொட்டை போட்டுக் காது குத்த வந்த குடும்பங்கள் ஒரு பக்கம். தேவநாத சுவாமிக்கு வேண்டிக்கொண்டு பிள்ளைக்கு முதல் முடி இறக்குவது எங்கள் குடும்பத்திலும் தலைமுறை வழக்கம். இரண்டு வருஷத்துக்கு முன் என் தங்கை மகளுக்கு அங்கேதான் முடி இறக்கினோம். அப்போது அவளுக்கு 11 மாதம். தாய்மாமன் நான், மடியில் வைத்துக்கொண்டேன்.

முடி எடுக்க உட்கார்ந்ததும் என் மச்சான் கேட்ட முதல் வார்த்தை, "அண்ணே, புது பிளேடு போடுங்க." அவரும் முகம் சுளிக்காமல் உறையைக் கிழித்து, பிளேடைப் பாதியாக ஒடித்துக் கத்தியில் மாட்டிக் காட்டினார். முடிதிருத்தும் கடைகளிலும் இன்று இதுதான் நடக்கிறது. நம் நாட்டில் எச்.ஐ.வி. தொற்று முதன்முதலில் கண்டறியப்பட்டது 1986-ல், நம் சென்னையில். அதற்குப் பிறகு வந்த பயமும் பிரசாரமும் சேர்ந்து, பிளேடு புதுசா என்று கேட்பதை நமக்குப் பழக்கமாக்கிவிட்டன.

அங்கிருந்து கிளம்பி டவுனில் ஒரு மண்டபத்துக்கு வந்தோம். காது குத்து அங்கே. மண்டபத்தின் பெயரோ, குத்தியவர் பெயரோ இங்கே வேண்டாம். பச்சரிசி பரப்பி, தாம்பூலம் வைத்து, சீர்வரிசைத் தட்டுகள் அடுக்கி எல்லாம் முறையாக நடந்தது. குத்த வந்தவர் ஒரு சின்ன எவர்சில்வர் கிண்ணத்தில் டெட்டால் தண்ணீர் ஊற்றி, அதில் ஊசியைப் போட்டு வைத்திருந்தார். எங்களுக்கு முன்னால் அதே மண்டபத்தில் இன்னொரு குடும்பத்துக் குழந்தைக்குக் குத்தியதும் அதே ஊசிதான். தண்ணீரிலிருந்து எடுத்தார், தோளில் கிடந்த துண்டில் ஒரு துடை துடைத்தார், குத்தினார். என் அம்மா குழந்தையின் வாயில் வெல்லக்கட்டியை வைத்தார். நான் அவள் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டிருந்தேன். என் வேட்டியில் ஒரு சொட்டு ரத்தம் விழுந்தது. காலையில் பிளேடைக் கேட்ட மச்சானும் கேட்கவில்லை, மடியில் வைத்திருந்த நானும் கேட்கவில்லை.

ஐந்தாம் நாள் இடது காது மடல் சிவந்து வீங்கியது. குத்தின புண் அப்படித்தான் இருக்கும் என்று பெரியவர்கள் மஞ்சளும் தேங்காய் எண்ணெயும் குழைத்துப் போட்டார்கள். எட்டாம் நாள் காய்ச்சல். மருத்துவரிடம் தூக்கிக்கொண்டு ஓடினோம். தோட்டின் திருகாணி சதைக்குள் புதைந்திருந்தது. பின்பக்கம் பார்த்தால் திருகாணியே தெரியவில்லை, சீழ்தான் தெரிந்தது. மரத்துப்போக ஊசி போட்டு, கீறித்தான் எடுத்தார்கள். அப்போதும் அவள் கைகளை நான்தான் பிடித்துக்கொண்டேன். அந்த மருத்துவர் எங்களைத் திட்டவில்லை. "காது குத்துறது தப்பில்ல தம்பி. ஊசி எங்கேருந்து வந்துதுன்னு பார்த்தீங்களா?" என்று மட்டும் கேட்டார்.

அந்தக் கேள்வியை உங்கள் வாசகர்கள் எல்லோரிடமும் கேட்கத்தான் இந்தக் கடிதம். காது குத்துக்கு மேளக்காரர் யார், சமையல் மாஸ்டர் யார், பத்திரிகையில் யார் பெயர் முதலில் என்று ஒரு மாதம் விசாரிக்கிறோம். குழந்தையின் ரத்தத்தைத் தொடப்போகிற ஊசியை மட்டும் யாரும் விசாரிப்பதில்லை. டெட்டால் தண்ணீரில் முக்குவதும் ஸ்பிரிட் பஞ்சில் துடைப்பதும் அந்த ஊசிக்குப் போதாது. மஞ்சள் காமாலை பி வகைக் கிருமி உடம்புக்கு வெளியே காய்ந்த ரத்தத்தில்கூட குறைந்தது 7 நாள் உயிரோடு இருக்கும். மருத்துவமனையில் கருவிகளை 121 டிகிரி நீராவியில் அழுத்தம் கொடுத்து வேகவைக்கிறார்கள் என்றால் காரணம் இல்லாமல் இல்லை.

காது குத்தும் பத்தர்களை, அதாவது நகை ஆசாரிகளை, குறை சொல்கிறேன் என்று யாரும் நினைக்க வேண்டாம். எங்கள் பாட்டி காலத்தில் ஆசாரி வீட்டுக்கு வருவார். குழந்தைக்கென்று கொடுத்த தங்கத்தில் கம்பி இழுத்து, முனையைக் கூராக்கி, அந்தக் கம்பியாலேயே குத்தி, அதையே வளையமாக வளைத்துக் காதில் விட்டுவிடுவார். குத்தின கம்பி குழந்தையின் காதிலேயே தங்கிவிடும், இன்னொரு குழந்தையிடம் போக வழியே இல்லை. ஆளுக்கொரு ஊசி என்று இன்று மருத்துவர் சொல்வதை அந்த ஆசாரி அன்றே செய்திருக்கிறார். நடுவில் எங்கோ நாம்தான் அதை விட்டுவிட்டோம்.

கன் வைத்துக் குத்தினால் சுத்தம் என்று பேன்சி ஸ்டோருக்கு அழைத்துப்போகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. அந்தத் துப்பாக்கிகளில் பெரும்பாலானவை பிளாஸ்டிக். நீராவியில் வேகவைத்தால் உருகிவிடும், அதனால் ஸ்பிரிட் துடைப்போடு சரி. தவிர, கூரில்லாத தோட்டு முனையை ஸ்பிரிங் வேகத்தில் சதைக்குள் அடித்து ஏற்றுகிறது. பின்பக்கக் கொக்கியும் நெருக்கமாகப் போய்ப் பிடித்துக்கொள்ளும், வீங்கினால் இடம் இருக்காது. குழந்தையின் காதைத் தொடும் பாகம் முழுவதும் ஒட்டின உறையிலிருந்து நம் கண் முன்னே எடுக்கப்பட்டு, குத்தியதும் குப்பைக்குப் போகிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் எழுந்து வந்துவிடுங்கள். மேல் காதின் குருத்தெலும்பில் கன் வைக்கவே விடாதீர்கள். அங்கே சீழ் பிடித்தால் காதின் வடிவமே சுருங்கிப்போகும்.

போன மாதம் தங்கையின் இரண்டாவது பிள்ளைக்கு, பையனுக்கு, 7 மாதத்தில் காது குத்தினோம். பிறந்தவுடன் போடும் பி வகைத் தடுப்பூசியும், 6, 10, 14 வாரங்களில் போடும் பென்டாவேலன்ட் தடுப்பூசியும் முடிந்த பிறகுதான் நாள் பார்த்தோம். பென்டாவேலன்ட்டில் ரண ஜன்னிக்கும் பி வகைக் காமாலைக்கும் பாதுகாப்பு இருக்கிறது. மூன்று இடத்தில் விசாரித்தேன். ஓர் இடத்தில் ஊசியைக் காட்டச் சொன்னதற்கே கோபப்பட்டார்கள். கடைசியில் பாண்டியில் ஒரு குழந்தை மருத்துவரிடம் போனோம். பையனை நிமிர்த்தி உட்காரவைத்து இரண்டு மடலிலும் பேனாவால் புள்ளி வைத்தார். "அம்மா, நேரா நின்னு பாருங்க, சமமா இருக்கா?" என்று தங்கையிடம் கேட்டார். கை கழுவி, கையுறை மாட்டி, ஊசிப் பொட்டலத்தை எங்கள் முன்னே கிழித்தார். 22 கேரட் தங்கக் கம்மல், திருகாணியைத் தளர்வாக விட்டார். மரத்துப்போகும் களிம்பைக் கடையில் வாங்கி நாமாகத் தடவக் கூடாது, சின்னக் குழந்தையின் ரத்தத்தில் ஆக்சிஜனைக் கொண்டுபோகும் சக்தியே குறைந்துவிடலாம் என்றும் சொன்னார். கொதிக்கவைத்து ஆறின உப்புத் தண்ணீரால் தினம் இரண்டு வேளை துடைப்பது, ஆறு வாரம் கம்மலைக் கழற்றாமலிருப்பது, எண்ணெய், மஞ்சள் எதுவும் வைக்காமலிருப்பது, இவ்வளவுதான் எங்கள் வேலை. அடுத்த ஞாயிறு கோயிலுக்குப் போய் மொட்டை, மாலை, சீர், விருந்து எல்லாம் செய்தோம். பிள்ளை என் மடியில்தான் இருந்தான். முதலில் முணுமுணுத்த அம்மா, ஆறின காதைப் பார்த்த பிறகு ஒன்றும் சொல்லவில்லை.

ஆனால் எல்லோரும் பாண்டிக்கு வண்டி எடுத்துக்கொண்டு போக முடியுமா? கோயில்களில் முடிகாணிக்கைக்குக் கட்டணம் இல்லை என்று 2021-ல் அரசு அறிவித்தது நல்ல காரியம். அதே அக்கறையோடு, முகூர்த்த நாட்களில் திருவந்திபுரத்தில் குழாயும் சோப்பும் உள்ள ஓர் அறை, ஒரு செவிலியர், ஆளுக்கொரு புது ஊசி, ஊசியைப் போட ஒரு பெட்டி, இவற்றுக்கு அறநிலையத் துறையும் சுகாதாரத் துறையும் சேர்ந்து ஏற்பாடு செய்ய வேண்டும். ஆரம்ப சுகாதார நிலையங்களுக்குப் புதன்கிழமை தடுப்பூசிக்கு வரும் குழந்தைகளுக்கு, மாதத்தில் ஒரு நாளாவது அங்கேயே காது குத்தலாம். பத்தர்களுக்கும் ஒரு நாள் பயிற்சி கொடுத்தால் அவர்கள் பிழைப்பும் கெடாது.

என் மருமகளுக்கு இப்போது மூன்று வயது ஆகப்போகிறது. இடது மடலில் தழும்பு இருப்பதால் அந்தக் காதில் தோடு போட முடியவில்லை. ஒற்றைத் தோட்டோடு கண்ணாடி முன் நின்று, "மாமா, இந்தக் காதுக்கு எப்போ?" என்று கேட்கிறாள். தழும்பு தடித்து வளரவில்லை என்பதை உறுதிசெய்துகொண்டு, பக்கத்தில் வேறு இடத்தில் குத்தலாம் என்று மருத்துவர் சொல்லியிருக்கிறார். ஆவணியில் பாண்டிக்கு அழைத்துப்போகிறோம்.

இப்படிக்கு,
ஒரு தாய்மாமன்,
திருப்பாதிரிப்புலியூர், கடலூர்.