பழைய சொல்தானே என்று விடலாமா?

ஆசிரியருக்கு,

2020-இல் பிரிட்டன் நாடாளுமன்றக் குழு முன் கறுப்பின வீரர்களை 'கலர்ட்' (நிறத்தவர்) என்ற பழைய ஆங்கிலச் சொல்லால் குறிப்பிட்டது உள்ளிட்ட பேச்சுக்காக, இங்கிலாந்து கால்பந்துச் சங்கத் தலைவர் கிரெக் கிளார்க் பதவி விலகினார். 'ஒரு காலத்தில் அது மரியாதையான சொல்தானே?' என்று கேட்பவர்கள் உண்டு. சரி, 1909-இல் தொடங்கிய அமெரிக்கக் கறுப்பின உரிமை அமைப்பின் பெயரிலேயே அது இருக்கிறது. ஆனால் அதே அமெரிக்காவில் தண்ணீர்க் குழாயிலும் காத்திருப்பு அறையிலும் நிறம் பார்த்து மனிதர்களைப் பிரித்த பலகைகளில் எழுதியிருந்ததும் அதே சொல்தான். அந்தப் பலகைகளைப் பார்த்து வளர்ந்தவர்கள் இன்றும் நம்மோடு இருக்கிறார்கள். 2016-இல் அமெரிக்கா தன் இரண்டு சட்டங்களிலிருந்து அதேபோன்ற இன்னொரு பழைய சொல்லான 'நீக்ரோ'வையே எடுத்துவிட்டது. கிளார்க் அங்கேயே மன்னிப்புக் கேட்டார், உண்மை. அதுவும் அந்தக் குழுவின் உறுப்பினர் ஒருவர் சுட்டிக்காட்டிய பிறகுதான்.

- ஒரு வாசகர்