ஆரணியாற்றங்கரையில் எங்களுக்கு வழி சொன்னவர்களுக்கு ஒரு நன்றி மடல்

பொன்னேரியிலிருந்து பழவேற்காடு வரை ஆரணியாற்றின் கரையோரம் வாழும் பெரியோர்களுக்கும் அக்கா, அண்ணன்மார்களுக்கும், சென்னையிலிருந்து ஓட வருகிறவர்களின் வணக்கம்.

சென்னை சென்ட்ரலை ஒட்டிய மூர் மார்க்கெட் காம்ப்ளக்ஸ் புறநகர் ரயில் நிலையத்தில் விடிவதற்கு முன்பே கும்மிடிப்பூண்டி ரயில் ஏறி, பொன்னேரியில் இறங்கி, ஆற்றுக்கரையில் ஓடுகிறவர்களுக்காக ஒரு வழித்தடக் குறிப்பு தயாராகிவிட்டது. 5, 10, 16 கிலோமீட்டர் என மூன்று தடங்கள். மூன்றுமே போன வழியிலேயே திரும்பி வருபவை. அந்தக் குறிப்பில் பயனுள்ளதாக இருக்கும் ஒவ்வொரு வரியும் உங்களில் யாரோ ஒருவர் வாயிலிருந்து வந்தது. எது யார் தந்தது என்று சொல்லி நன்றி கூறுவது எங்கள் கடமை.

முதல் நன்றி, கரை மண்ணைப் பற்றிச் சொல்லிக்கொடுத்த நவரைப் பருவத்தில் நெல் பயிரிடும் விவசாயி ஐயாவுக்கு. மழை விட்டு எத்தனை நாள் கழித்துக் கரையில் ஓடலாம் என்று கேட்டதற்கு அவர் நாள் கணக்கு சொல்லவில்லை. கரையிலிருந்து ஒரு பிடி மண்ணை எடுத்து உருட்டி, இடுப்புயரத்திலிருந்து கீழே போட்டார். உருண்டை உடையாமல் சப்பென்று உட்கார்ந்தது. "இன்னும் பதம் வரல தம்பி. உதிரணும். உதிர்ந்தா ஓடுங்க." உழவுக்குப் பார்க்கும் அதே பதம்தான் ஓட்டத்துக்கும். பதம் வராத களிமண்ணில் ஓடினால், நூறு அடிக்குள் அடிப்பாகம் முழுக்க மண் அப்பிக்கொண்டு ஷூ கனத்துவிடும், குதிகால் வழுக்கும். அதைவிட முக்கியமாக, ஈரக்கரையில் பதியும் ஒவ்வொரு காலடியும் பள்ளமாகக் காயும். அடுத்த மழையில் நீர் அந்தப் பள்ளத்தில்தான் தேங்கிக் கரைக்குள் இறங்கும். ஐப்பசி, கார்த்திகையில் கரை உடைந்தால் மூழ்குவது அவருடைய வயல். ஆகவே பதம் பார்க்காமல் கரையில் ஏறக்கூடாது என்பதைக் குறிப்பின் முதல் வரியாகவே வைத்திருக்கிறோம்.

கரையைக் காக்கும் லஸ்கர் அண்ணனுக்கு நாங்கள் பட்டிருக்கும் கடன் பெரியது. லட்சுமிபுரம் அணைக்கட்டுப் பக்கம் அவரோடு நடந்த ஒரு காலையில் சொல்லிக்கொடுத்தவை இவை. எலி வளையும் நண்டு வளையும் கணுக்காலைப் பிசகவைக்கும் குழிகள் மட்டுமல்ல, கரைக்குள் நீர் புகும் வாசலும் அவைதான். கரையின் வெளிச்சரிவில் நீர் கசிந்தால் அதன் நிறத்தைப் பார்க்கவேண்டும். தெளிந்த நீர் என்றால் கசிவு மட்டும்தான், தகவல் சொன்னால் போதும். கலங்கிய நீர் என்றால் உள்ளே மண் அரித்துக்கொண்டிருக்கிறது என்று பொருள். ஒரு நிமிடம்கூடத் தாமதிக்காமல் ஊருக்குள் ஓடிச் சொல்லவேண்டும். விடியற்காலையில் கரை நெடுகப் பார்த்துக்கொண்டே போகிறவர்கள் ஓட்டக்காரர்கள்தான் என்பதால், இதைக் கவனிப்பது எங்கள் பொறுப்பு என்று எடுத்துக்கொண்டோம். பொன்னேரியில் ஒரு துளி மழை இல்லாவிட்டாலும், ஆந்திரப் பக்கம் பிச்சாட்டூர் அணை திறந்தால் இங்கே ஆறு ஏறும் என்று எச்சரித்தவரும் அவரே. மழைக்காலத்தில் சென்னை வானத்தைப் பார்த்துக் கிளம்புவது போதாது, அணைச் செய்தியையும் பார்க்கவேண்டும்.

ஆடு மேய்க்கும் தாத்தாவுக்கு நன்றி. அவர் அரைஞாணில் தொங்கும் முள்வாங்கியை முதலில் பார்த்தபோது அது என்ன கருவி என்றே எங்களில் பலருக்குத் தெரியவில்லை. விரல் நீள இரும்பு. ஒரு முனையில் இடுக்கி, வளையத்தில் கூடவே கோர்த்த ஒரு ஊசி. ஊசியால் தோலைக் கிளறி, இடுக்கியால் முள்ளை இழுக்கவேண்டும். கரையெங்கும் சீமைக் கருவேலம். அதை வெட்டி வேலி போடுகிற நாட்களில் தடத்தில் முள் விழுந்து கிடக்கும். இன்றைய ஓட்ட ஷூக்களின் மெத்தென்ற நுரை அடிப்பாகம் அந்த முள்ளுக்கு வெண்ணெய் மாதிரி. முள் ஏறியது உடனே தெரியாது என்பதுதான் ஆபத்து. நுனி நுரைக்குள்ளேயே நிற்கும். நுரை அமுங்க அமுங்க மெல்ல மேலேறி, ஒன்றிரண்டு கிலோமீட்டர் கழித்துப் பாதத்தில் குத்தும். ஆகவே முள் கிடந்த இடத்தைத் தாண்டியதும் நின்று, ஷூவைக் கழற்றி, அடிப்பாகத்தை மடக்கிப் பார்க்கவேண்டும். மடக்கினால் முள்ளின் தலை வெளியே தெரியும். கெட்டி ரப்பர் அடிப்பாகம் உள்ள ஷூ கொஞ்சம் கனமானாலும் இந்தக் கரைக்கு அதுதான் சரி. கருமானிடம் அடித்த முள்வாங்கி இப்போது எங்கள் முதலுதவிப் பையில் இருக்கிறது. நகரத்துப் பிளாஸ்டிக் இடுக்கி எதுவும் அதற்குப் பக்கத்தில் வராது.

தூரம் அளக்க உதவிய சைக்கிள் கடை அண்ணனுக்கு நன்றி. ஜிபிஎஸ் கடிகாரம் சில நொடிக்கு ஒருமுறைதான் இடத்தைப் பதிகிறது என்றால், ஆறு வளையும் இடங்களில் அது வளைவை நேர்க்கோடாக வெட்டிவிடும். தடம் உண்மையில் இருப்பதைவிடக் குறைவாகக் காட்டும். சைக்கிள் சக்கரம் வளைவை விடாது. 26 இன்ச் சக்கரத்தின் வால்வு தரைக்கு நேராக இருக்கும்படி வைத்து, தரையில் கோடு போட்டு, ஆள் உட்கார்ந்தபடியே பத்துச் சுற்று உருட்டி, 30 மீட்டர் டேப்பால் அளந்தோம். 20.70 மீட்டர் வந்தது. அப்படியென்றால் ஒரு சுற்றுக்கு 2.07 மீட்டர், ஒரு கிலோமீட்டருக்கு 483 சுற்று. காற்று குறைந்தால் சக்கரம் சிறுத்துச் சுற்று கூடும், வெயில் ஏறி டயர் விம்மினால் சுற்று குறையும். அதனால் புறப்படும்போது ஒருமுறை, முடித்ததும் ஒருமுறை என அந்தப் பத்துச் சுற்றை இருமுறை அளந்து சராசரி எடுக்கவேண்டும் என்றார். எண்ணுவதற்கு ஆரக்காலில் துணி கட்டி, அது ஃபோர்க்கில் தட்டும் ஓசையைக் கணக்கிடும் வித்தையும் அவருடையதே. பனையில் ஆணி அடிக்கவோ பெயின்ட் பூசவோ வேண்டாம் என்று மரம் ஏறும் அண்ணன்மார் கேட்டுக்கொண்டதால், கிலோமீட்டர் குறியெல்லாம் மதகு, மோட்டார் கொட்டகை, அம்மன் கோயில் என்று அடையாளமாகவே எழுதியிருக்கிறோம்.

கரையின் சரிவு பற்றி ஒரு வார்த்தை. டிராக்டர் தடம் இரண்டு, நடுவில் புல். கரை நடுவில் உயர்ந்து இருபக்கமும் சரிகிறது. சாலைப் பழக்கத்தில் போகும்போதும் வரும்போதும் இடப்பக்கமே ஓடினால், முழுத் தூரமும் இடது கால் தாழ்ந்தே இருக்கும். முழங்காலின் வெளிப்பக்கம் வலிக்கத் தொடங்குவது இதனால்தான். போன அதே தடத்திலேயே திரும்பினால் சரிவு மாறி, இரண்டு காலுக்கும் சமமாகிவிடும். எதிரே மாட்டு வண்டியோ டிராக்டரோ வந்தால் இறங்கி நின்று வழிவிட வேண்டியது நாம்தான்.

வாத்து மேய்ப்பவர்களிடம் இங்கே மன்னிப்பும் கேட்டுக்கொள்கிறோம். அறுவடை முடிந்த வயலில் நூற்றுக்கணக்கில் மேயும் வாத்துகளுக்கு ஓடி வருகிற ஆள் நரி மாதிரி. ஒன்று மிரண்டால் மொத்தமும் கலையும், மறுபடி சேர்க்க அவர்களுக்கு அரைநாள் போய்விடும். வாத்தைக் கண்டால் நடை, பேச்சு இல்லை. நெல் காயும் சாலையிலும் அப்படியே. நெல்லின் மேல் ஷூ படவே கூடாது. தரையோடு ஓடும் எந்த மின்கம்பியையும் தாண்டிக் குதிக்கக் கூடாது, சுற்றித்தான் போகவேண்டும்.

விரியன் பாம்பைப் பற்றிச் சொன்ன இருளர் பெரியவருக்கும், சதுப்பு நிலத்தைப் படிக்கச் சொல்லித்தந்த இருளர் அக்காமார்களுக்கும் தனியாக ஒரு வணக்கம். எலி இருக்கும் வயலில் கண்ணாடி விரியன் இருக்கும். இருட்டில் வெளியே வரும், மனிதரைக் கண்டு விலகாமல் சுருண்டு கிடக்கும். நெற்றி விளக்கு தரையைத் தட்டையாகக் காட்டிவிடும். அதையே இடுப்பில் கட்டினால் வெளிச்சம் சாய்வாக விழுந்து, மேடு பள்ளத்துக்கும் பாம்புக்கும் நிழல் விழும். கடித்துவிட்டால் கட்டு போடுவதோ கீறுவதோ உறிஞ்சுவதோ கூடாது. கடிபட்ட காலை அசைக்காமல் வைத்து 108-ஐ அழைத்து, விஷமுறிவு மருந்து உள்ள அரசு மருத்துவமனைக்கு நேராகப் போகவேண்டும்.

கடல் பக்கம் போகப் போக வயல் மெலிந்து உவர் நிலம் தொடங்குகிறது. மேலே உப்புப் பொருக்கு, கீழே சேறு. இறால் போடும் பறிக் கூடையை வாயில் கவ்விக்கொண்டு, சேற்றைக் கையால் துழாவி இறால் பிடிக்கும் அக்காமார் ஒரு பார்வையில் தரையைச் சொல்லிவிடுகிறார்கள். உமிரி என்ற உவர்நிலச் செடி முளைத்த வெளிறிய தரை தாங்கும். செடி இல்லாமல் கருத்து மினுமினுக்கும் தரை விழுங்கும். நடக்கிறவரைத் தாங்கும் பொருக்குகூட ஓடுகிறவரைத் தாங்காது, ஏனென்றால் ஓடும்போது ஒவ்வொரு அடியிலும் உடல் எடையைப் போல் இரண்டு மூன்று மடங்கு அழுத்தம் இறங்குகிறது. அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி கடல்நீர் ஓதமாக அதிகம் ஏறும் என்பதால் அந்த நாட்களில் 16 கிலோமீட்டர் தடம் வேண்டாம். பூநாரைகள் மேயும் மாதங்களிலும் அந்தக் கடைசிப் பகுதியில் ஒரு கட்டுப்பாடு உண்டு. பறவைகள் தலை தூக்கிப் பார்த்தால் அதுதான் எல்லை, அங்கேயே திரும்பவேண்டும்.

ஆற்றோரத்து டீக்கடை அக்காவுக்கு எப்படி நன்றி சொல்வது! பைகளை வைக்க இடம் தந்தார். அதைவிட, வெறும் தண்ணீரையே குடித்துக்கொண்டிருந்தவர்களுக்கு உப்பு போட்ட நீராகாரத்தை ஊற்றித் தந்தார். இந்தக் கடலோரப் புழுக்கத்தில் வியர்வை உலராது, வழியும். ஓடும் முன்னும் பின்னும் எடை பார்த்தால் ஒரு மணி நேரத்தில் ஒரு கிலோ குறைவது சாதாரணம். அது ஒரு லிட்டர் வியர்வை, அதோடு உப்பும் போகிறது. நெடுநேரம் தண்ணீரை மட்டும் அளவில்லாமல் குடித்தால் இரத்தத்தில் உப்பு நீர்த்துப்போய் தலைவலியும் குமட்டலும் வரும். ஒரு லிட்டர் கொதித்து ஆறிய நீருக்கு ஆறு தட்டைத் தேக்கரண்டி சர்க்கரை, அரைத் தேக்கரண்டி உப்பு. மணிக்கு அரை லிட்டர் முதல் முக்கால் லிட்டர் வரை, கொஞ்சம் கொஞ்சமாக. சித்திரை, வைகாசியில் அதிகாலை 5.45 வாக்கிலேயே சூரியன் வந்துவிடும் என்பதால் அப்போது 5 கிலோமீட்டர் தடம் மட்டுமே. அந்த மாதங்களில் அக்கா கடைப் பக்கம் வரும் பதநீரை ஓட்டம் முடித்துக் குடிப்பதற்கென்றே சிலர் வருகிறார்கள்.

பொங்கல் கழிந்ததும் அதே சைக்கிளோடும் டேப்போடும் மறுபடி வருகிறோம். மழையில் உடைந்து மூட்டை அடுக்கி அடைத்த இடங்களில் கரை சற்றுத் தள்ளிப் போட்டிருக்கும், தூரம் மாறியிருக்கும். எங்கெங்கே என்று லஸ்கர் அண்ணனிடம் சொல்லி வைத்தால் அங்கிருந்து தொடங்குவோம்.

நன்றியுடன்,
சென்னையிலிருந்து ஓட வருகிறவர்கள்