இசையை ரெக்கார்டிங்காக ஒட்டாதீர்கள்: பழைய ஷூட்டர்களின் உரிமையாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

காசு போட்டு ஆடும் பெட்டிகளில் வந்த பழைய ஆர்கேட் ஷூட்டர் (சுட்டுத்தள்ளும்) விளையாட்டுகளின் உரிமையைக் கையில் வைத்திருக்கும் நிறுவனங்களுக்கு,

வணக்கம். கிடப்பில் கிடந்த விண்கல விளையாட்டுகளைத் தூசு தட்டி மறுபடி வெளியிடுகிறீர்கள், சந்தோஷம். படத்தில் குறை சொல்ல ஒன்றுமில்லை. பழைய டியூப் திரையின் கோடுகள் வேண்டுமா வேண்டாமா என்று கேட்பதற்குக்கூட ஒரு மெனு வைக்கிறீர்கள். ஒலி என்று வரும்போதுதான் கோட்டை விடுகிறீர்கள். அண்மையில் நான் வாங்கிய ஒரு தொகுப்பில் இசை எல்லாமே முன்கூட்டியே பதிவு செய்த ஒலிக்கோப்புகள். பாட்டு முடிந்ததும் ஒரு நொடி மௌனம், அப்புறம் முதலிலிருந்து. திரையில் குண்டுமழை பொழிந்துகொண்டிருக்கும்போது அந்த ஒரு நொடி எவ்வளவு அசிங்கமாக இருக்கிறது என்று உங்களில் யாராவது ஆடிப் பார்த்தீர்களா?

அந்த இசை ரெக்கார்டிங்காக இருந்ததே இல்லை. 80களின் பிற்பாதியில் வந்த எத்தனையோ ஆர்கேட் போர்டுகளில் (பெட்டிக்குள் இருக்கும் சர்க்யூட் பலகைகளில்) யமஹாவின் ஒய்எம்2151 என்ற ஒலி சிப் இருந்தது. ஒரே நேரத்தில் எட்டு ஒலிகளுக்கு எட்டே சானல்கள், ஒவ்வொன்றிலும் அலையை உண்டாக்கும் நான்கு ஆபரேட்டர்கள். ஓர் அலை இன்னோர் அலையை ஆட்டிவைக்க, அதிலிருந்து மணியோசை பிறக்கும், பேஸ் கிட்டார் பிறக்கும். எந்த ஸ்வரம், எவ்வளவு நேரம் என்று புரோகிராம் கட்டளை அனுப்ப அனுப்ப, சிப் அந்தக் கணமே ஒலியை உண்டாக்கும். ஆட்டம் எந்தப் பக்கம் திரும்பினாலும் இசையும் கூடவே திரும்ப முடிந்தது அதனால்தான்.

அதற்கும் முன்பே, 1978-இல், டைட்டோ வெளியிட்ட ஸ்பேஸ் இன்வேடர்ஸைப் பாருங்கள். இசை என்று சொல்ல நான்கே ஸ்வரங்கள், இறங்குமுகமாக, திரும்பத் திரும்ப. படை குறையக் குறைய மிச்சமிருப்பவர்கள் வேகமெடுப்பார்கள். வரைய வேண்டிய உருவங்கள் குறைந்ததும் இயந்திரத்தின் சுமை குறைந்து தானாக வந்த வேகம் அது. உருவாக்கிய டொமோஹிரோ நிஷிகாடோ அதைத் திருத்தாமல் அப்படியே விட்டுவிட்டார். அந்த வேகத்தோடு ஸ்வரங்களும் ஓடும். கடைசி ஒருவன் மட்டும் இங்குமங்கும் பாயும்போது நெஞ்சு அடித்துக்கொள்ளுமே, அதை எந்த எம்பி3-யில் அடைப்பீர்கள்?

2001-இல் சேகா வெளியிட்ட ரெஸ் என்ற ஷூட்டர் இதையே தலைகீழாகச் செய்தது. டெட்சுயா மிசுகுச்சியின் குழு செய்த ஆட்டம். நீங்கள் எப்போது சுட்டாலும் அதன் ஒலி பின்னணியில் ஓடும் டெக்னோ இசையின் தாளத்தில் வந்துதான் விழும். சுடுகிறவரும் வாத்தியக்காரர்களில் ஒருவர்.

சேகாவின் வீட்டு விளையாட்டு இயந்திரமான மெகா டிரைவில் வந்த ஷூட்டர்களின் ஒலியில் ஒரு சொரசொரப்பு உண்டு. அதிலிருந்த ஒய்எம்2612 சிப்பின் ஒலி வெளியேறும் இடத்தில் இருந்த குறைபாடு அது. மெல்லிய ஒலிகளில் அதிகம் தெரியும். 'சுத்தம்' செய்கிறேன் என்று அதைத் துடைத்துவிட்டால், இசையமைத்தவர் தன் காதால் கேட்டுச் சரிபார்த்த ஒலி போய்விடும். வெடிச்சத்தம் வரும்போது இசையிலிருந்து ஒரு சானல் பறிபோகும் பழக்கமும் அந்தக் காலத்து விளையாட்டுகள் பலவற்றில் உண்டு. அதை வேண்டுமானால் திருத்திக்கொள்ளுங்கள், நான் சண்டைக்கு வரமாட்டேன். ரீமிக்ஸும் போடுங்கள், ஆனால் அசலுக்குப் பக்கத்தில் போடுங்கள்.

கொனாமியின் கிரேடியஸ் என்ற விண்கல ஷூட்டர் 1985-இல் பபிள் மெமரி (காந்தக் குமிழ்களில் தகவலைச் சேமிக்கும் நினைவகம்) பொருத்திய போர்டில் வந்தது. அந்த மெமரி சூடேறினால்தான் வேலை செய்யும். சூடேறும்வரை திரையில் எண்கள் இறங்கிக்கொண்டிருக்க, அந்தக் காத்திருப்புக்கென்றே ஓர் இசை ஓடும். இன்று யாரும் காத்திருக்கத் தேவையில்லை என்பதற்காக அதை வெட்டிவிடாதீர்கள். அந்த விளையாட்டின் இசையில் பெரும்பங்கு மிகி ஹிகஷினோவுடையது. இதைச் சொல்லக் காரணம், அந்நாளில் பல நிறுவனங்கள் இசையமைத்தவர் பெயரைப் போடவே இல்லை, போட்டாலும் புனைபெயர். திறமைசாலியைப் போட்டி நிறுவனம் கொத்திக்கொண்டு போய்விடுமோ என்ற பயம். சரி, இப்போது என்ன பயம்? உங்கள் மியூசிக் பிளேயரில் ஒவ்வொரு பாட்டுக்கும் பக்கத்தில் ஒரு பெயர் போட இடமா இல்லை?

டைட்டோவின் இன்னொரு ஷூட்டரான டேரியஸின் ஆர்கேட் பெட்டியில் மூன்று திரைகள். அதற்கு இசையமைத்த ஹிசயோஷி ஒகுராவின் பேஸ் உட்காரும் இருக்கையையே அதிரவைக்கும். அந்த இருக்கையை வீட்டுக்கு அனுப்பச் சொல்லவில்லை. கன்ட்ரோலரில் அதிர்வு மோட்டார் சும்மாதான் இருக்கிறது, அதில் அந்த பேஸை ஓட்டிப் பாருங்கள்.

அடுத்த தொகுப்பில் சிப்பை எமுலேட் செய்து (மென்பொருளாலேயே அதுபோல இயங்க வைத்து) அசல் ஒலியை ஒரு தேர்வாகக் கொடுங்கள், இசைக்கும் வெடிச்சத்தத்துக்கும் தனித்தனி வால்யூம் வையுங்கள். பட்டனை அழுத்தியதற்கும் சத்தம் கேட்பதற்கும் நடுவே இருக்கும் தாமதத்தையும் கொஞ்சம் கவனியுங்கள். முன்பு வாங்கியவர்களுக்கு இதை அப்டேட்டாகக் கொடுத்தால் இன்னும் நல்லது.

இப்படிக்கு,
உங்கள் விளையாட்டுகளைக் காசு கொடுத்து மறுபடி மறுபடி வாங்கும் ஒருவன்